கோப்ளின் வந்ததா, வந்தானா? சென்னையில் ஆர்பிஜி ஆட வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆர்பிஜி என்றால் ரோல்-பிளேயிங் கேம். அதை ஆடும் எங்கள் குழு சனிக்கிழமை சாயங்காலங்களில் கூடுகிறது. ஆறு பேர், ஒரு சாப்பாட்டு மேசை, பழைய பிஸ்கட் டப்பா நிறைய டைஸ். புதிதாக யார் வந்தாலும் கேட்பது அதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் டைப் செய்து கை ஓய்ந்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இது கம்ப்யூட்டர் கேமா, போர்டு கேமா?

இரண்டும் இல்லை. நாலைந்து பேர் உட்கார்ந்து, பேசிப் பேசியே ஒரு கதையை நகர்த்துவதுதான் ஆட்டம். ஒருவர் கேம் மாஸ்டர். ஊர், காடு, கோட்டை, பூதம், கடைக்காரர் எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒரு கேரக்டர். "நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்று அவர் கேட்பார், நீங்கள் சொல்வீர்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் மட்டும் டைஸ் உருளும்.

இந்த வகையில் முதலில் அச்சில் வந்தது 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கி 1974-ல் வெளியிட்டார்கள். பொம்மைச் சிப்பாய்களை மேசையில் நிறுத்தி ஆடும் போர் விளையாட்டிலிருந்து கிளைத்தது. படையை நடத்துவதற்குப் பதிலாக ஒரே ஒரு ஆளாக நின்றால் என்ன என்ற யோசனைதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

படித்தால் புரியவில்லை. ஒரு காட்சி காட்ட முடியுமா?

சரி, போன மாதம் நான் கேம் மாஸ்டராக இருந்தபோது நடந்தது. கோட்டைக்குள் ஒரு நெற்களஞ்சியம். எங்கள் குழுவில் வங்கியில் வேலை பார்க்கும் ஒரு அக்கா இருக்கிறார், அவருடைய கேரக்டர் ஒரு திருடி.

"கதவு பூட்டியிருக்கு. உள்ள யாரோ இருமுற சத்தம் கேக்குது."

"நான் பூட்டை நெம்புறேன்."

"சத்தம் வராமலா, சீக்கிரமாவாக்கா?"

"சத்தம் வராம."

"அப்ப டைஸ் போடுங்க."

இருபது முகம் உள்ள டைஸ் உருண்டு 11-ல் நின்றது. திருடிக்குச் சாமர்த்தியம் 16. அந்த எண்ணிலிருந்து பத்தைக் கழித்து இரண்டால் வகுத்தால் 3. டைஸில் விழுந்த 11-ஓடு சேர்த்து 14. ஜெயிக்க எட்ட வேண்டிய எண்ணாக நான் மனதில் வைத்திருந்தது 15, நடுத்தரமான கஷ்டத்துக்கு வழக்கமாக வைக்கிற எண். ஒன்றில் போய்விட்டது.

புத்தகப்படி தோல்விதான். ஆனால் "திறக்கவில்லை" என்று சொன்னால் ஆட்டம் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிடும். அதனால், "பூட்டு திறந்துருச்சுக்கா. ஆனா கீல் கிரீச்சுன்னுது. உள்ள இருமல் நின்னுருச்சு" என்றேன். மேசையில் யாரும் பேசவில்லை. ஒருவர் கையில் எடுத்த முறுக்கு அப்படியே நின்றது. அந்த அரை நிமிஷத்துக்காகத்தான் நாங்கள் வாரா வாரம் கூடுகிறோம்.

இங்கிலீஷ் நன்றாகப் பேச வரவேண்டுமா?

வேண்டாம். ரூல்ஸ் படிக்க ஒருவருக்கு வந்தால் போதும். ஆட்டத்தைத் தமிழிலேயே நடத்துங்கள் என்றுதான் சொல்வேன், அதுவும் வீட்டில் பேசுகிற தமிழில். "ஓ வீரனே!" என்று நாடகத் தமிழில் ஆரம்பித்தால் பத்து நிமிஷத்தில் எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிடும். ஸ்பெல், லெவல், எச்பி (உயிர் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் எண்), இனிஷியேட்டிவ் போன்றவற்றை அப்படியே விட்டுவிடுங்கள். ஆரம்பத்தில் ஸ்பெல் ஸ்லாட்டுக்குத் தமிழ் தேடி ஒரு முழு சாயங்காலத்தை வீணாக்கினோம்.

தமிழில் ஆடும்போது இங்கிலீஷில் கிடைக்காத சில வசதிகள் தானாக வந்து சேரும். அச்சடித்த கதையில் கோப்ளின் (இந்தக் கதைகளில் வரும் குட்டிப் பூதம்) ராஜா உங்களைப் பார்த்து 'யூ' என்பான், அவ்வளவுதான். தமிழில் கேம் மாஸ்டர் வாயைத் திறப்பதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும்: நீயா, நீங்களா? அவன் "உக்காருங்க" என்றால் பேச்சுவார்த்தைக்கு வழி இருக்கிறது. "உக்காரு" என்றால் எல்லோரும் கத்தியைத் தொடுகிறார்கள்.

அதைவிடப் பெரியது வினைச்சொல்லின் வால். "புதரிலிருந்து ஒரு கோப்ளின் வந்தது" என்று ஒரு முறை சொன்னேன். இரண்டு நிமிஷத்தில் அதைக் கொன்றுவிட்டார்கள். அடுத்த வாரம் "ஒரு கோப்ளின் வந்தான்" என்றேன். கட்டிப்போட்டு விசாரித்தார்கள். பிறகு ஒரு நாள் "வயசான கோப்ளின் ஒருத்தர் வந்தார்" என்று சொல்லிப் பார்த்தேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்கள்! மூன்றுக்கும் ரூல்புக்கில் ஒரே எச்பி.

நாம், நாங்கள் விஷயமும் இருக்கிறது. காட்டில் வழிகாட்டியாக வந்த ஒருவன், எல்லோரும் சேர்ந்து தப்பிக்கும் திட்டத்தைச் சொல்லும்போது "விடியறதுக்குள்ள நாங்க ஆத்தைத் தாண்டிருவோம்" என்றான். நான் வேண்டுமென்றேதான் அப்படிச் சொன்னேன், யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று நினைத்து. குழுவிலேயே சின்னப் பையன், கல்லூரி இரண்டாம் வருஷம், "அண்ணா, ஒரு நிமிஷம். அவன் 'நாம'ன்னு சொல்லலையே?" என்றான். இரண்டு வாரம் கழித்து வெளிப்பட வேண்டிய துரோகி அன்றைக்கே மாட்டினான். தயார் செய்து வைத்திருந்த மூன்று பக்கம் குப்பைக்குப் போனது. அதில் எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை.

டைஸ் எங்கே கிடைக்கும்? இல்லாமல் ஆட முடியுமா?

ஒரு செட்டில் ஏழு இருக்கும்: 4, 6, 8, 12, 20 முகங்களில் ஒவ்வொன்று, பத்து முகத்தில் இரண்டு. இரண்டாவது பத்து முகத்தில் 00, 10, 20 என்று பத்துப் பத்தாக எண்கள் இருக்கும், சதவீதம் போட வேண்டிய இடத்துக்கு. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குள் வாங்கிவிடலாம். முதல் இரண்டு மாதம் எங்கள் குழு முழுக்க ஒரே செட்டை வைத்துத்தான் ஓட்டியது. போனில் டைஸ் போடும் ஆப்கள் இலவசம். ஆனால் போனைக் கையில் எடுத்தவர் உடனே கீழே வைப்பதில்லை, அதனால் எங்கள் மேசையில் கூடாது. டப்பாவில் 1 முதல் 20 வரை சீட்டு எழுதிப் போட்டுக் குலுக்கியும் ஆடலாம். எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

தாயக்கட்டை ஆகுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு கட்டையிலும் 1, 2, 3, வெறுமை என்று நான்கு பக்கம். இரண்டிலும் வெறுமை விழுந்தால் பன்னிரண்டு. அது 16-ல் ஒரு முறை வர வேண்டும். டி20-ல், அதாவது இருபது முக டைஸில், இருபது விழுவது 20-ல் ஒரு முறை. கிட்டத்தட்ட ஒரே அரிது, கத்துகிற கத்தலும் ஒன்றுதான். ஆனால் நடுவில் உள்ள எண்கள் சமமாக விழாது. மூன்று விழ நான்கு வழி, ஆறு விழ ஒரே வழி. அதனால் டி20-க்கு மாற்றாக வைக்க முடியாது. நாங்கள் அதை வேறு வேலைக்கு வைத்திருக்கிறோம். கதைக்குள் சத்திரத்தில் சூதாட்டம் நடந்தால் மேசையில் நிஜமாகவே தாயக்கட்டை உருளும்.

எந்த ரூல்ஸில் ஆரம்பிப்பது? புத்தகம் விலை அதிகமாக இருக்கிறதே?

வாங்காதீர்கள், இப்போதைக்கு. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள், எஸ்ஆர்டி என்ற பெயரில், 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விடப்பட்டன. சட்டப்படியே இலவசம். பிரிண்ட் எடுக்கலாம், தமிழில் மாற்றிப் பகிரலாம், மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். ஒரு வருஷம் ஆடிய பிறகும் ஆசை குறையவில்லை என்றால் குழுவாகக் காசு போட்டு ஒரு புத்தகம் வாங்குங்கள். பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு ஆட்டத்தின் விதிகளும் இணையத்தில் முழுமையாக இலவசம், ஆனால் கணக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல். பேய்க்கதை பிடிக்குமென்றால் 1981-லிருந்து வரும் கால் ஆஃப் கத்துல்ஹு. அதில் முழுக்க சதவீதம்தான், ஆரம்பிப்பவருக்கு உடனே புரியும். கேம் மாஸ்டர் ஆக ஆளே இல்லையா? ஐயர்ன்ஸ்வோர்ன் என்று ஒன்று இருக்கிறது, இலவசம்தான், தனியாளாகக்கூட ஆடலாம்.

'ஏசி 18' என்றால்?

ஆர்மர் கிளாஸ். உங்களை அடிக்க எதிரி எடுக்க வேண்டிய எண். மே மாதம் முதல்முறை வந்த ஒருவர், "ஏசி எவ்வளவு?" என்று கேட்டதற்கு ரிமோட்டை எடுத்துப் பார்த்து "இருபத்து நாலு" என்றார். நியாயமான பதில்தான்.

எத்தனை பேர் வேண்டும்? ஆட்களை எப்படிப் பிடிப்பது?

கேம் மாஸ்டரோடு சேர்த்து ஐந்து பேர் சரியான அளவு. மூன்று பேரோடும் ஓடும். எட்டு பேரானால் ஒரு சண்டைக்கு ஒன்றரை மணி நேரம், பாதிப் பேர் போனைப் பார்ப்பார்கள். ஏற்கெனவே ஆடத் தெரிந்தவர்களைத் தேடி அலைவதைவிட, கதை கேட்கப் பிடித்தவர்களைக் கூப்பிடுங்கள். எங்களில் இரண்டு பேர் ஆபீஸ் நண்பர்கள், ஒருவர் மாடி வீட்டுக்காரர், அக்காவும் அந்தக் கல்லூரிப் பையனும் ஒரு போர்டு கேம் கஃபேயில் பக்கத்து மேசையில் அறிமுகமானவர்கள். "பத்து மாதம் ஓடுகிற கேம்பெய்ன்" என்று கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள். "சனிக்கிழமை ஒரு நாள், மூன்று மணி நேரம், ஒன்-ஷாட்" என்றால் வருவார்கள். பிடித்தவர்கள் அடுத்தது எப்போது என்று அவர்களே கேட்பார்கள்.

எங்கே கூடுவது?

யாராவது ஒருவர் வீடுதான் நல்லது. அப்பார்ட்மென்ட் அசோசியேஷன் ஹால் கிடைத்தாலும் சரி, செயலாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு. கஃபேயில் சத்தம் அதிகம், ஆளுக்கு இரண்டு காபியாவது வாங்க வேண்டும். பெசன்ட் நகர் பீச்சில் ஒரே ஒரு முறை முயன்றோம். கேரக்டர் ஷீட் (கேரக்டரின் விவரம் எழுதிய தாள்) காற்றில் போனது, நான்கு முக டைஸ் மணலில் போனது, மந்திரவாதியின் சுண்டல் காக்காய்க்குப் போனது.

ஆட்கள் ஊரின் நாலு மூலையிலிருந்து வருகிறார்கள் என்றால் கிண்டி பக்கம் வீடு உள்ளவரை நண்பராக்கிக்கொள்ளுங்கள். பீச்–தாம்பரம் எலக்ட்ரிக் டிரெயினும் மெட்ரோவும் அங்கே சேர்கின்றன. நாங்கள் நாலரைக்கு ஆரம்பித்து எட்டரைக்கு முடிப்போம். கதை எவ்வளவு சூடாகப் போனாலும் முடிப்போம். அடுத்த வாரம் ஆட்கள் வருவது அதில்தான் இருக்கிறது.

எல்லோருக்கும் ஒத்துவரும் நாளே கிடைக்கவில்லையே?

டிராகனைவிடப் பெரிய எதிரி காலண்டர்தான். "எல்லோரும் எப்போது ஃப்ரீ?" என்று குரூப்பில் கேட்டால் பதினேழு தம்ஸ்-அப் வரும், நாள் வராது. இன்ன கிழமை என்று நிரந்தரமாக வைத்துவிடுங்கள். ஆறு பேரில் நாலு பேர் வந்தால் ஆட்டம் உண்டு.

எங்கள் வருகைக் கணக்கைத் திருப்பிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது: நன்றாக ஆடியது ஆடியிலும் மார்கழியிலும்தான். காரணம் எளிது, கல்யாணம் கிடையாது. ஆவணி பிறந்ததும் ஒருவர் ஒன்றுவிட்ட தங்கை ரிசப்ஷன், இன்னொருவர் கிரகப்பிரவேசம் என்று மேசை காலியாகிவிடும். பெரிய கேம்பெய்னின் உச்சக்கட்டத்தை ஆடியில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் யாரையும் வரச் சொல்லாதீர்கள். அன்றைக்கு வீடியோ காலில் ஆடலாம், சுமாராக இருக்கும். புரட்டாசி சனிக்கிழமையில் பிரியாணி ஆர்டர் செய்யாதீர்கள், அதுவும் அனுபவம்தான்.

வராதவருடைய கேரக்டர்? "வயிறு சரியில்லை, வண்டியில் படுத்திருக்கிறான்." அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மேப், பொம்மை எல்லாம் வாங்க வேண்டுமா?

சார்ட் பேப்பரில் ஒரு அங்குலக் கட்டம் போட்டால் மேப். ஒரு கட்டம் ஐந்து அடி. கேரம் காய்கள் கோப்ளின்கள், சோழிகள் எலும்புக்கூடுகள். எங்கள் மேசையில் ராஜமரியாதை கொலுச் செட்டியாருக்குத்தான். எந்த ஊருக்குப் போனாலும் கடைக்காரர் அவரே, அரிசி பருப்போடு கயிறு, தீப்பந்தம், மந்திர மருந்து எல்லாம் அவர் முன்னால் பரப்பியிருக்கும். நவராத்திரிக்கு முன்னால் அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது நிபந்தனை.

பஜ்ஜி சாப்பிட்ட கையோடு கேரக்டர் ஷீட்டைத் தொடக் கூடாது. இது ரூல்புக்கில் இல்லை, இருந்திருக்க வேண்டும்.

கேம் மாஸ்டர் ஆக எவ்வளவு தயார் செய்ய வேண்டும்?

நினைப்பதைவிடக் குறைவாக. ஒரு இடம், அங்கே ஏதோ ஒன்று வேண்டும் என்று நினைக்கும் மூன்று பேர், கெட்டது நடக்க ஒரு கெடு. இது போதும். கதையை முழுக்க எழுதி வைத்தால் ஆட வருபவர்கள் ஐந்தாவது நிமிஷத்தில் வேறு பக்கம் போய்விடுவார்கள்.

இடத்துக்குக் கற்பனையே வேண்டாம். செஞ்சிக்கு ஒரு நாள் போய்விட்டு வாருங்கள். சென்னையிலிருந்து காலையில் கிளம்பினால் இரவு திரும்பிவிடலாம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள், அவற்றை இணைக்கும் மதில், கீழே களஞ்சியங்கள், மாடி மாடியாகக் கல்யாண மகால். ராஜகிரி உச்சிக்குப் போகும் வழியில் பாறை பிளந்து கிடக்கிறது, தாண்ட ஒரு சின்னப் பாலம். அந்தப் பாலத்தை எடுத்துவிட்டால் மேலே இருப்பவனை யாரும் தொட முடியாது. இதைவிட நல்ல டஞ்சனை (ஆபத்து நிறைந்த பழைய கோட்டையை) யார் வரைந்து தரப்போகிறார்கள்? ஏறி இறங்கிய கால்வலி ஆறும் முன்னால் மேப்பை வரைந்துவிடுங்கள், எந்தப் படியில் மூச்சு வாங்கியது என்பது அப்போதுதான் நினைவிருக்கும்.

செஷன் ஜீரோ என்கிறார்களே, அது எதற்கு?

ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு நாள் உட்கார்ந்து, எப்படிப்பட்ட கதை, எது வேண்டாம் என்று பேசிக்கொள்வது. முதலில் இதெல்லாம் அமெரிக்கக்காரர்களின் அதிகப்படி என்றுதான் நினைத்தேன்.

பிறகு ஒரு வாரம், எல்லையில் காவல் நிற்கும் ஒரு முனியைக் கடைசி எதிரியாக வைத்தேன். அரிவாள், குதிரை, சுருட்டு, எல்லாம் விரிவாக. நன்றாகச் செய்கிறேன் என்று எனக்கே பெருமை. மாடி வீட்டு நண்பர் மட்டும் டைஸைத் தொடவில்லை. முடிந்து செருப்பு போடும்போது, "அது எங்க குலசாமி. வருஷா வருஷம் போய்ப் பொங்கல் வைக்கிறோம்" என்றார், கோபமில்லாமல். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இப்போது கும்பிடுகிற சாமி எதுவும் எங்கள் ஆட்டத்தில் வராது. யாளி வரும், வேதாளம் வரும், பூசாரி கேரக்டர்களுக்கு நாங்களே சாமி உருவாக்கிக்கொள்கிறோம். சாதிப் பெயர் சொல்லிக் கிண்டல், பெண்களைத் துன்புறுத்தும் காட்சி இரண்டும் கிடையாது. மேசை நடுவில் எக்ஸ் போட்ட ஒரு சீட்டும் இருக்கும். யாராவது தொட்டால் காட்சியைத் தாண்டிப் போய்விடுவோம், ஏன் என்று கேட்கமாட்டோம்.

ஒருவரே பேசிக்கொண்டிருக்கிறார், என்ன செய்வது?

அவரை அடக்காதீர்கள், அடுத்தவரைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். "அவன் கதவைப் பாத்துக்கட்டும், நீங்க என்ன பண்றீங்கக்கா?" என்றால் முடிந்தது. டைஸை மறைத்துப் போட்டு எண் மாற்றிச் சொல்பவரை ஒரு முறை பார்க்காததுபோல் விடலாம். இரண்டாவது முறை தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள், மேசையில் வைத்து வேண்டாம்.

வீட்டில் 'பேய் பிசாசு விளையாட்டா?' என்கிறார்கள்.

அமெரிக்காவிலேயே 1980-களில் இதைச் சாத்தான் வழிபாடு என்று சொல்லி ஊரைக் கூட்டினார்கள், அதனால் உங்கள் வீட்டாரைக் குறை சொல்ல முடியாது. ஒரு நாள் உங்கள் வீட்டிலேயே ஆடுங்கள். ஆறு பேர் உட்கார்ந்து, ஒரு கயிறு வாங்கலாமா வேண்டாமா என்று நாற்பது நிமிஷம் வாதாடுவதைப் பார்த்தால் பயம் போய்விடும். வேறு கவலை வரலாம்.

கேரக்டர் செத்துவிட்டால் நான் ஆட்டத்திலிருந்து வெளியேற வேண்டுமா?

உடனே சாவதில்லை. எச்பி பூஜ்யமானால் ஒவ்வொரு சுற்றிலும் டி20 போட வேண்டும். 10 அல்லது அதற்கு மேல் மூன்று முறை வந்தால் உயிர் நிற்கும், கீழே மூன்று முறை போனால் முடிந்தது. ஒன்று விழுந்தால் இரண்டு தோல்விக்குச் சமம், இருபது விழுந்தால் எழுந்தே உட்காரலாம். கையைப் பிடித்துத் தூக்கிவிட நண்பர்களுக்கும் நேரம் இருக்கும்.

அக்காவின் திருடிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. களஞ்சியத்துக்குள் இருமியவன் ஒரு ஆள் இல்லை, ஆறு ஆள். கடைசி டைஸில் ஒன்று விழுந்தது. அக்கா ஷீட்டை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "அஞ்சு மாசமா வளத்தேன்" என்றார். அன்றைக்கு யாரும் டீ கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார், புது ஷீட்டோடு. செத்தவளின் தங்கையாம். கதைக்குள் வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "எங்கக்காவோட வெள்ளிக் கத்தி எங்க?"

அதை நாங்கள் செட்டியாரிடம் விற்றிருந்தோம். நல்ல விலைக்கு.